ஓர் அடியில் வென்ற கோப்பை

கோல்ஃப் ஆட்டம் எனக்கு டில்லி கோல்ஃப் கிளப்பின் மதிற்சுவர் வரையில்தான் பழக்கம். வசதியுள்ளவர்கள் தனித்தனியே பொழுது போக்குவது என்றுதான் நினைத்திருந்தேன். எஸ்பிரிட்டோ சான்டோ கோப்பையைப் பற்றிப் படித்த பிறகு அந்த எண்ணம் மாறியது.

அமெச்சூர் பெண்களுக்கான உலக அணிப் போட்டி இது. 1964இல் பாரிசுக்கு அருகே சான் ஜெர்மேனில் தொடங்கியது. அணிக்கு மூவர், நான்கு நாள் ஆட்டம். தினமும் குறைந்த அடிகளில் ஆடி முடித்த இருவரின் கணக்கே அணிக்குச் சேரும். மூன்றாமவர் பதினெட்டுக் குழிகளும் நடந்து ஆடியது தள்ளுபடி! அநியாயம் என்றே எனக்குப் பட்டது. ஆனால் தள்ளுபடி யாருக்கு என்பது மூவரும் ஆடி முடித்த பிறகுதானே தெரியும்? ஆகவே ஒருவரும் கை தளர முடியாது.

அந்த முதல் போட்டியில் பிரான்ஸ் 588 அடிகள், அமெரிக்கா 589. நான்கு நாள் ஆடி ஒரே ஓர் அடி வித்தியாசம்!

வென்ற அணியில் ஒருவர் 19 வயது கேத்தரின் லகோஸ்ட். முதலைச் சின்னச் சட்டைக்குப் பெயர் போன டென்னிஸ் வீரர் ரெனே லகோஸ்டின் மகள். 1927இல் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டம் வென்ற அம்மா சிமோனைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். கேத்தரின் 1967இல் அமெரிக்க ஓபனில் தொழில்முறை வீராங்கனைகளையே தோற்கடித்தார். அமெச்சூர் என்பதால் பரிசுப் பணம் மட்டும் கிடையாது.