நாலு பேர் சேர்ந்து மாலத்தீவுக்கு மீன் பிடிக்கப் போறீங்களா? பில் யார் பேர்ல இருக்கணும்?

ஆழ்வார்திருநகரி பக்கம் வளர்ந்தவங்களுக்குத் தூண்டில் புதுசு இல்லை. தாமிரபரணிப் படித்துறையில உட்கார்ந்து மண்புழு கோத்துக் கெண்டை பிடிச்சிருப்பீங்க. கொஞ்சம் பெரிய பையனானதும் புன்னைக்காயல்ல ஆறு கடலோட சேருற இடம் வரைக்கும் போயிருப்பீங்க. இப்போ சென்னையிலயும் பெங்களூருலயும் சம்பாதிக்கிற அதே செட், “மாலத்தீவுல ஃப்ளை ஃபிஷிங் போறோம், ஆளுக்கு நாலு லட்சம் ஆகும்போல, டாக்ஸ் ஏதும் வருமா?”ன்னு கேக்குது. வரும். அது யார் கணக்குல வரும்ங்கிறது, பணத்தை யார் கட்டுறாங்க என்பதைப் பொறுத்தது.

முதல்ல இந்த ஃப்ளை ஃபிஷிங் என்னன்னு தெரியாதவங்களுக்கு: நம்ம தூண்டில்ல இரையோட கனமோ ஈயக்குண்டோதான் நரம்பை இழுத்துட்டுப் போகும். இதுல முள்ளுல இறகும் நூலும் சுத்தின ஒரு பொய் இரை. அதுக்குக் கனமே கிடையாது. அதனால நரம்பையே தடிமனா, கனமா செஞ்சு, அதை வீசுவாங்க. இடம் முழங்கால் அளவு தெளிஞ்ச தண்ணி நிக்கிற மணல் திட்டு. நடந்துகிட்டே மீனைக் கண்ணால பார்த்து, அதுக்கு முன்னாடி வீசணும். கிடைக்கிறது போன்ஃபிஷ், பெரிய பாரை. பிடிச்ச மீனைப் பெரும்பாலும் போட்டோ எடுத்துட்டுத் திருப்பி விட்டுடுவாங்க. வீட்ல அம்மாகிட்ட இந்தக் கடைசி வரியை மட்டும் சொல்லாதீங்க.

“அதுக்கு ஏன் மாலத்தீவு? தூத்துக்குடியில இருந்து ராமேஸ்வரம் வரைக்கும் தீவாத்தானே கிடக்கு?”ன்னு தோணும். அந்த 21 தீவும் 1986-ல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா. அங்க தூண்டில் போடுறது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். செலவு மிச்சம்னு அந்தப் பக்கம் போயிடாதீங்க.

இப்போ கணக்குக்கு வருவோம். நம்ம ஆளுங்க பழக்கம் என்ன? ஒருத்தன் கார்டுல லிமிட் அதிகம் இருக்கும். “எல, நீ கட்டிரு, நாங்க பொறவு தாரோம்”. டீக்கடைக்கு இது சரி. வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்குச் சரிப்படாது.

காரணம் டிசிஎஸ். வெளிநாட்டு டூர் பேக்கேஜ் விக்கிற ஏஜென்சி உங்ககிட்ட விலையோட சேர்த்து வரியையும் வசூல் பண்ணி, உங்க பான் எண்ணில் கட்டணும். 2025-26 நிதியாண்டு விதிப்படி, ஒரு ஆளுக்கு வருஷத்துல 10 லட்சம் ரூபாய் வரைக்கும் 5%, அதுக்கு மேல போன தொகைக்கு 20%-ஆ இருந்துச்சு. அந்த விதியில ‘ஒரு ஆளுக்கு’ங்கிறதுதான் முக்கியம். யார் பயணம் போறாங்கன்னு இல்லை, பேக்கேஜ் யார் பான் எண்ணில் வாங்கப்பட்டதுன்னுதான் பார்ப்பாங்க.

அந்த 2025-26 விதிப்படி உதாரணத்துக்கு நாலு பேர், ஆளுக்கு 4 லட்சம், மொத்தம் 16 லட்சம். ஆளாளுக்குத் தனி பில் போட்டிருந்தா ஒவ்வொருத்தருக்கும் 20,000 ரூபாய். நாலு பேருக்கும் சேர்த்து 80,000. ஒருத்தரே வாங்கியிருந்தா, முதல் 10 லட்சத்துக்கு 50,000, மீதி 6 லட்சத்துக்கு 1,20,000. ஆக 1,70,000. அதே படகு, அதே மீன், 90,000 ரூபாய் கூடுதலா முடங்கியிருக்கும்.

முடங்குதுன்னுதான் சொல்றேன், போயிடுச்சுன்னு சொல்லலை. டிசிஎஸ் செலவு கிடையாது, முன்கூட்டியே கட்டின வரி. ரிட்டர்ன்ல கழிச்சுக்கலாம். ஆனா கழிக்கப்போறது யார்? பில் யார் பேர்ல இருக்கோ அவர் மட்டும். மத்த மூணு பேர் தங்கள் பங்கு டிசிஎஸ்ஸையும் அவருக்குக் கொடுத்திருந்தா, ரீஃபண்ட் வந்ததும் அவர் திருப்பித் தரணும். நான் பார்த்தவரைக்கும் நட்புல விரிசல் விழுறது பயணத்துல இல்லை, அதுக்கு அடுத்த வருஷம் ரீஃபண்ட் வந்த பிறகுதான்.

அதோட முடியலை. 16 லட்சம் செலவு அவரோட ஏஐஎஸ்-ல் உட்காரும். அவர் காட்டுற வருமானம் 9 லட்சம்னா, பணம் எங்கிருந்து வந்துச்சுன்னு துறை கேக்கலாம். நண்பர்கள் பங்கைப் பணமா கையில கொடுத்திருந்தா அவருக்குப் பதில் சொல்ல வழியில்லை. பேங்க் வழியா, “டூர் பங்கு”ன்னு குறிப்பு போட்டு அனுப்பியிருந்தா சுலபம். இது பங்குச் செலவைத் திருப்பித் தர்றது, பரிசு இல்லைன்னு காட்டவும் அந்தக் குறிப்பு உதவும். ஏன்னா வரிச் சட்டத்துல நண்பர் ‘உறவினர்’ கிடையாது. அவங்ககிட்ட இருந்து வருஷத்துல 50,000-க்கு மேல பரிசா வந்தா முழுத் தொகையும் வருமானம்.

இன்னொண்ணு பலருக்குத் தெரியாது. தனக்கோ பிறருக்கோ வெளிநாட்டுப் பயணத்துக்கு வருஷத்துல 2 லட்சத்துக்கு மேல செலவு பண்ணினா, வருமானம் வரம்புக்குக் கீழ இருந்தாலும் ஐடிஆர் போட்டே ஆகணும். ஊர்ல கடை வச்சிருக்கிற நண்பர் செட்ல இருந்தா, அவர்கிட்ட இதை முன்னாடியே சொல்லிடுங்க.

சம்பளக்காரங்க ரீஃபண்டுக்காக அடுத்த வருஷம் வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. டிசிஎஸ் விவரத்தை ஆபீஸ்ல கொடுத்தா, அந்த அளவுக்குச் சம்பள டிடிஎஸ்ஸைக் குறைப்பாங்க. 2024 அக்டோபர்ல இருந்து இந்த வசதி இருக்கு, ஆனா பெரும்பாலான எச்ஆர் தானா சொல்றதில்லை.

பேக்கேஜே வேண்டாம்னா? விமான டிக்கெட் மட்டும் ஒரு இடத்துல, தங்குமிடம் மட்டும் வேற இடத்துல வாங்கினா அது ‘பேக்கேஜ்’ ஆகாது. அந்த டிசிஎஸ் வராது. வேலை கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

டிசிஎஸ் தவிர ரெண்டு விஷயம். மாலத்தீவு விலைப் பட்டியல்ல வரி சேர்ந்திருக்கான்னு கேளுங்க. 2025 ஜூலையில இருந்து சுற்றுலா ஜிஎஸ்டி 17%. ரிசார்ட்ல ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர் பசுமை வரி, சின்ன கெஸ்ட் ஹவுஸ்ல 6 டாலர். அப்புறம், இந்த விளையாட்டுல வழக்கமா ஒரு வழிகாட்டிக்கு ரெண்டு பேர்தான். அதனால அஞ்சு பேர் போனா மூணு வழிகாட்டிக்குக் காசு. நாலு பேரோ ஆறு பேரோ போங்க. அட்வான்ஸ் கட்டின பிறகு ஒருத்தர் பின்வாங்கினா அவர் பங்கை யார் ஏத்துக்கிறதுன்னு வாட்ஸ்அப் குரூப்ல இப்பவே எழுதி, எல்லாரையும் “சரி”ன்னு போட வைங்க.

பட்ஜெட் ஆளுக்கு ஒரு லட்சத்துக்குள்ளன்னா அந்தமானை யோசிக்கலாம். உள்நாடுதான், டிசிஎஸ் கிடையாது. சென்னையில இருந்து நேரடி விமானம் இருக்கு, பெரிய பாரையும் இருக்கு. பழைய வரி முறையில இருக்கிறவங்க லீவு எடுத்துப் போனா, தன்னோட விமானக் கட்டணத்துக்கு எல்டிஏ விலக்கும் கேக்கலாம். நண்பரோட டிக்கெட்டுக்குக் கேக்க முடியாது.