உழைப்போரின் உடையும் கருவியும்: பிரித்தானிய வருமான வரியில் ஒரு சிறு நிவாரணம்

தச்சர் தம் உளியையும் வாளையும் தாமே கொண்டுவருவார். மேசனின் சாந்தகப்பை மேசனுக்கே சொந்தம். கூலிக்கு உழைப்பவர் கைக்கருவியைத் தம் செலவில் வைத்திருக்கும் இவ்வழக்கம் நம் ஊர்களுக்கு மட்டும் உரியதன்று. இயந்திரத் தொழிலில் முந்திநின்ற பிரித்தானியாவிலும், மோட்டார் திருத்தகங்களிலே வேலை செய்வோரிற் பலர் இன்றும் தம் கருவிப் பெட்டியைத் தாமே வாங்கி வைத்திருக்கின்றனர். மருத்துவமனைத் தாதியர் பலர் தம் சீருடையை வீட்டுக்குக் கொண்டுசென்று தாமே தோய்த்து உலர்த்துகின்றனர்.

இச்செலவுகள் யாவும் சம்பளத்திலிருந்து போகின்றன. சம்பளத்துக்கோ கைக்கு வருமுன்னரே வரி கழிக்கப்பட்டுவிடுகிறது. 1944ஆம் ஆண்டு முதல் பிரித்தானியாவில் உள்ள முறை அது. அவ்வாறாயின், வேலையைச் செய்வதற்காகவே செலவிட்ட பணத்துக்கும் வரி கொடுப்பது முறையாகுமா? அந்நாட்டுச் சட்டம் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. கடுமையான நிபந்தனைகளுக்கு உட்பட்ட ஒரு சிறு நிவாரணம் உண்டு; ஆனால் கேட்பவருக்கே அது கிடைக்கும். கேளாதவரைத் தேடிவந்து எவரும் கொடுப்பதில்லை. இலங்கையிலிருந்து சென்று அங்கே மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் கடைகளிலும் உழைக்கும் தமிழர் பலர். அவர்களுக்குப் பிள்ளையாகவோ சகோதரராகவோ உறவுள்ள நேயர் இதனை அறிந்து வைத்திருப்பதிற் பயனுண்டு.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கவேண்டும். 60 பவுண் நிவாரணம் என்று கேட்டவுடன் 60 பவுண் கைக்கு வரும் என்று பலர் எண்ணிவிடுகின்றனர். அஃது அவ்வாறன்று. வருமானத்தில் 60 பவுணுக்கு வரி விதிக்கப்படமாட்டாது என்பதே அதன் பொருள். நூற்றுக்கு 20 வீதம் வரி செலுத்துபவருக்கு அதனால் மிஞ்சுவது 12 பவுண். 40 வீதம் செலுத்துபவருக்கு 24 பவுண். ஸ்கொத்லாந்தில் விகிதங்கள் சிறிது வேறுபடும். 2021ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் வரியில்லாத வருமான எல்லை ஆண்டுக்கு 12,570 பவுணாக இருந்துவருகிறது. அதற்குக் குறைவாக உழைத்து வரியே செலுத்தாதவருக்குத் திரும்பிவர ஒன்றுமில்லை. பகுதிநேர வேலை செய்யும் ஏழைப் பெண் தன் சீருடையை எத்தனை முறை தோய்த்தாலும் இச்சட்டத்தால் அவளுக்குப் பயனில்லை. தேவை மிகுந்தவரிடத்திலே நிவாரணம் எட்டாமற்போவது இவ்வேற்பாட்டின் பெருங்குறையாகும்.

நிபந்தனை யாது? 2003ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம், ஊழியரின் செலவு முழுவதும் வேலைக்காக, வேலைக்கு மட்டுமாக, இன்றியமையாததாக, அதுவும் கடமையைச் செய்துகொண்டிருக்கும்போதே நேர்ந்ததாக இருக்கவேண்டும் என்கிறது. இச்சொற்கள் பழைமையானவை. 1853ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இவற்றைக் காணலாம். கடமைக்காகக் குதிரை ஒன்றை வைத்துப் பராமரிக்கும் செலவும் அங்கே பேசப்பட்டது. மோட்டார் வண்டி வந்து, ஆகாய விமானமும் வந்து, குதிரை தெருவைவிட்டு மறைந்த பின்னரும், இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டு வரை அந்தக் குதிரை சட்டப் புத்தகத்தில் உயிரோடிருந்தது. குதிரை போய்விட்டது, ஏனைய சொற்களின் கடுமை மட்டும் தளரவில்லை.

அக்கடுமை உடை விஷயத்திலேதான் நன்கு புலப்படும். ஆன் மல்லலியூ என்னும் பெண் நியாயதுரந்தரர் ஒருவர் நீதிமன்ற விதிப்படி கறுப்பு உடையும் வெள்ளைச் சட்டையும் அணியவேண்டியிருந்தது. அவருக்குக் கறுப்பு உடையில் விருப்பமில்லை. தொழில் இல்லையேல் அவற்றை அவர் வாங்கியிருக்கவேமாட்டார். ஆகவே அவ்வுடைகளைப் புதுப்பிக்கவும் சலவை செய்யவும் ஆன செலவை வருமானத்திலிருந்து கழிக்கவேண்டுமென்று கேட்டார். மேல் நீதிமன்றமும் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அவர் பக்கமே தீர்ப்பளித்தன. ஆனால் 1983ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபை அதனை மாற்றிவிட்டது. நீதிபதிகள் ஐவரில் நால்வர் அவருக்கு எதிராக நின்றனர். மனிதர் உடுப்பது குளிருக்கும் மானத்துக்குமாகும். அந்நோக்கம் உடுத்துபவரின் எண்ணத்தில் வெளிப்படையாகத் தோன்றாவிடினும் உள்ளேயிருக்கிறது. ஆகவே அவ்வுடை வேலைக்கு மட்டுமானதன்று என்பதே அவர்களுடைய தருக்கம். பின்னர் 1991ஆம் ஆண்டில் அந்த அம்மையார் அதே பிரபுக்கள் சபையில் உறுப்பினராக அமர்ந்தார் என்பது வேறொரு சுவையான செய்தி.

அவர் சொந்தத் தொழில் செய்தவர். சம்பளம் பெறும் ஊழியருக்கு நிபந்தனை இன்னும் இறுக்கமானது. முதலாளி கோட்டும் காற்சட்டையும் அணிந்துவரச் சொன்னார் என்று வாதாடிய கணினிப் பொறியியலாளர் ஒருவரின் கோரிக்கையும் 1976ஆம் ஆண்டில் மறுக்கப்பட்டது. முதலாளி கட்டளையிட்டார் என்பது மட்டும் போதாது. கறுப்புக் காற்சட்டையும் வெள்ளைச் சட்டையும் அணியவேண்டும் என்று உணவகம் விதித்தாலும், அவற்றை அணிந்துகொண்டு ஒருவர் கலியாண வீட்டுக்கும் போகலாமன்றோ? ஆகவே அவை சட்டத்தின் கண்ணில் சாதாரண உடைகளே.

அப்படியாயின் எது வேலை உடை? பார்த்த மாத்திரத்தில் இவர் தாதி, இவர் பொலிசுக்காரர் என்று ஊரார் அறியக்கூடிய சீருடை. அல்லது வேலையின் தன்மையால் அணியப்படும் தனிவகை உடை. நிறுவனத்தின் சின்னம் துணியிலேயே நிலையாகத் தைக்கப்பட்ட சட்டை சீருடையாகும். அதே சட்டையில் கழற்றிவைக்கக்கூடிய ஊசிச் சின்னம் குத்தியிருந்தால் ஆகாது. ஒரு தையலில் தங்கியிருக்கும் வேறுபாடு இது. சிரிப்புக்கிடமாகத் தோன்றினும் நடைமுறையில் அதுவே எல்லைக்கோடு. அத்தகைய உடையாயினும், தோய்ப்பதற்கும் தைத்துத் திருத்துவதற்கும் பழையதற்குப் பதிலாகப் புதியது வாங்குவதற்குமே நிவாரணம் உண்டு. முதன்முதலாக வாங்கிய விலைக்கு இல்லை. வேலைத்தலத்திலேயே இலவசச் சலவை வசதி இருந்தும் வீட்டில் தோய்க்க விரும்புபவர் கேட்கமுடியாது. செலவு முழுவதையும் முதலாளி திருப்பிக்கொடுத்தாலும் கேட்கமுடியாது.

தலைக்கவசம், கண்ணாடி போன்ற பாதுகாப்புக் கவசங்களின் கதை வேறு. அவற்றை இலவசமாகக் கொடுப்பது முதலாளியின் சட்டக் கடமை. அவற்றுக்காகப் பணம் செலவிட்டவர் வரித் திணைக்களத்திடம் அன்று, முதலாளியிடமே கேட்கவேண்டும்.

கருவிகளுக்கும் இதே நியாயந்தான். கத்தரிக்கோல், மின்துளைப்பான் போன்ற சிறு கருவிகளைத் திருத்தவும் மாற்றவும் ஆகும் செலவே கணக்கிற் சேரும். பல ஆண்டு பயன்படும் பெரிய உபகரணத்தைத் தாமே வாங்குவோருக்கு மூலதனக் கழிவு என்ற வேறொரு வழி உண்டு. அதற்குப் பற்றுச்சீட்டு வேண்டும்.

ஒவ்வொரு சவர்க்காரக் கட்டிக்கும் கணக்கு எழுதிவைப்பது இயலுமா? இயலாது என்பதை உணர்ந்தே பல தொழில்களுக்குத் தொழிற்சங்கங்களோடு பேசி ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரு நிலையான தொகை குறிக்கப்பட்டிருக்கிறது. அதனைக் கேட்பவருக்குப் பற்றுச்சீட்டு வேண்டியதில்லை. கட்டடத் தொழிலில் தச்சருக்கு 140 பவுண், திருத்தகத்து மோட்டார் பொறிவல்லாருக்கு 120, விவசாயத் தொழிலாளருக்கு 100, நோயாளர் வண்டியிற் பணிபுரிவோருக்கு 185, தாதியருக்கு 125. விமான ஓட்டிக்கோ 1,022 பவுண். பட்டியலில் இடம்பெறாத தொழிலினர் 60 பவுண் கேட்கலாம். இந்த 60 பவுண் 2008ஆம் ஆண்டிலிருந்து அசையாமல் நிற்கிறது. சவர்க்காரத்தின் விலையும் மின்சாரக் கட்டணமும் அவ்வாறு நிற்கவில்லை. உண்மைச் செலவு நிலையான தொகையை விஞ்சினால், அதற்குப் பதிலாக உண்மைச் செலவையே கேட்கலாம். அப்பொழுது பற்றுச்சீட்டுகளைக் காட்டவேண்டும்.

தாதி ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்குரியது 125 பவுண். குறிப்பிட்ட வகைச் சப்பாத்தும் காலுறையும் அணிந்தேயாகவேண்டும் என்பது விதியாயின், முதலாளி அவற்றைக் கொடாதவிடத்து முறையே 12 பவுணும் 6 பவுணும் சேரும். ஆக 143 பவுண். அதற்கு 20 வீத வரி 28 பவுண் 60 பென்ஸ். ஓராண்டுக்கு இது சிறு தொகையே. ஆனால் வரியாண்டு முடிந்து நான்கு ஆண்டுகள் வரை பின்னோக்கிக் கேட்கும் உரிமை உண்டு. நடப்பாண்டோடு கடந்த நான்கையும் சேர்த்தால் 143 பவுண் முழுவதும் வந்துவிடுகிறது. பிரித்தானிய வரியாண்டு ஏப்ரல் 6இல் தொடங்கி அடுத்த ஏப்ரல் 5இல் முடிவது. ஒவ்வோர் ஏப்ரல் 5ஆம் திகதியும் மிகப் பழைய ஆண்டொன்று கைநழுவிப் போகிறது, போனது மீளாது.

இந்தச் சேர்ந்த தொகையின் மீதே இடைத்தரகரின் கண் விழுகிறது. உங்கள் வரியை மீட்டுத்தருவோம் என்று விளம்பரம் செய்து, கிடைப்பதில் மூன்றிலொரு பங்கையோ பாதிக்கு அண்மையான பங்கையோ கூலியாக எடுத்துக்கொள்ளும் முகவர் உளர். திரும்பிவரும் வரியின் உரிமையையே முகவருக்கு எழுதிக்கொடுக்கும் பத்திரத்தில், என்னவென்று அறியாமலே பலர் ஒப்பமிட்டனர். பின்னர் வந்த பணமெல்லாம் முகவரிடமே சென்றது. 2023ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் திகதி முதல் எழுதப்படும் அத்தகைய உரிமைமாற்றம் வருமான வரியிற் செல்லாது என்று சட்டம் வகுக்கப்பட்டது. எனினும் பணத்தைப் பெற்றுக்கொள்ள முகவரை நியமிக்கும் வழி அடைபடவில்லை. இதனிலும் பெரிய அபாயம் ஒன்றுண்டு. முகவர் இல்லாத செலவைச் சேர்த்து எழுதினாலும் பொறுப்பாளி ஊழியரே. தவறு வெளிப்படும் நாளில், முகவரின் கூலி உட்பட முழுத் தொகையையும் அவரே திருப்பிக் கட்டவேண்டும்.

முகவர் செய்யும் வேலையோ மிகச் சிறியது. வரித் திணைக்களத்தின் இணைய வழியாகவேனும், பி 87 என்னும் படிவத்தினாலேனும் எவரும் கட்டணமின்றித் தாமே கேட்கலாம். தேசிய காப்புறுதி இலக்கம், முதலாளியின் பெயர், தொழிலின் பெயர் போன்ற விவரங்கள் கையில் இருக்கவேண்டும். ஆண்டுதோறும் சுயமதிப்பீட்டு அறிக்கை அனுப்புவோரும், செலவு 2,500 பவுணுக்கு மேற்பட்டோரும் அவ்வறிக்கையிலேயே கேட்கவேண்டும். கடந்த ஆண்டுகளுக்கு உரியது பணமாகத் திரும்பிவரும். இனி வரும் ஆண்டுகளுக்கு உரியது வரிக் குறியீட்டிற் சேர்க்கப்படும்: 1257 என்றிருந்த தச்சரின் குறியீடு 1271 ஆகும்; மாதச் சம்பளத்தில் வரி சிறிது குறையும். பின்னர் வேலையை மாற்றிச் சீருடையில்லாத தொழிலுக்குப் போனவர், அதனைத் திணைக்களத்துக்கு அறிவித்து அந்தத் தொகையை நீக்கிக்கொள்ளவேண்டும். இல்லையேல் அடுத்த ஆண்டில் நிலுவையென்று கடிதம் வரும்.