வால் நட்சத்திரத்தை எங்கே தேடுவது?

வால் நட்சத்திரம் வானில் பாய்ந்து ஓடுவதில்லை. கண்ணிமைக்கும் நேரத்தில் கோடு கிழித்து மறைவது எரிநட்சத்திரம். காற்று மண்டலத்துக்குள் நுழைந்து எரியும் சின்னஞ்சிறு தூசித் துணுக்கு அது. வால் நட்சத்திரமோ கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் சூரியனைச் சுற்றிவரும் பொருள். இரவில் விண்மீன்களோடு சேர்ந்தே எழும், அவற்றோடு சேர்ந்தே சாயும். மறுநாள் பார்த்தால்தான் பின்னணி விண்மீன்களுக்கு நடுவே அது இடம்பெயர்ந்திருப்பது தெரியவரும்.

அதன் நடுவில் இருப்பது உட்கரு. பனியும் தூசியும் கலந்த ஒரு கட்டி. குறுக்களவு பெரும்பாலும் சில கிலோமீட்டர்தான். இது ஓர் அழுக்குப் பனி உருண்டை என்ற கருத்தை அமெரிக்க வானியலாளர் ஃபிரெட் விப்பிள் 1950-ல் முன்வைத்தார். 1986 மார்ச்சில் ஐரோப்பாவின் ஜோட்டோ விண்கலம் ஹாலி வால் நட்சத்திரத்துக்குச் சுமார் 600 கிலோமீட்டர் அருகில் சென்று படமெடுத்தபோது ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. ஏறக்குறைய 15 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கட்டி, தன்மேல் விழும் ஒளியில் நூற்றில் நான்கு பங்கை மட்டுமே திருப்பி அனுப்பியது. வானில் பளிச்சென்று தெரிவதன் உள்ளே இருந்தது, சூரியக் குடும்பத்தின் மிகக் கறுத்த பொருள்களில் ஒன்று.

ஒளிர்வது கட்டியல்ல, அதிலிருந்து கிளம்பும் வாயுவும் தூசியும். சூரியனை நெருங்க நெருங்க, உட்கருவின் பனி நீராகாமல் கற்பூரம்போல நேரே ஆவியாகிறது. ஆவி தூசியையும் இழுத்துக்கொண்டு வெளியேறி, லட்சம் கிலோமீட்டர் அகலத்துக்குக்கூடப் பரவுகிறது. தலையாகத் தெரிவது இந்தப் படலம்தான். படங்களில் தலை பச்சையாகத் தெரிவதற்குக் காரணம், சூரிய ஒளி பட்டு ஒளிரும் ஈரணுக் கார்பன் மூலக்கூறுகள். வால் பெரும்பாலும் இரண்டு. மின்னேற்றம் பெற்ற வாயுவை, சூரியனிலிருந்து பாயும் துகள்களான சூரியக் காற்று அடித்துத் தள்ளுவதால் உருவாவது நேரான நீல வால். சூரிய ஒளியின் அழுத்தத்தால் தூசி மெல்ல விலகிப் போவதால் உருவாவது வளைந்த, வெளிர்மஞ்சள் வால். இரண்டும் சூரியனுக்கு எதிர்ப்பக்கமே நீளும். ஆகவே சூரியனைவிட்டு விலகிச் செல்லும்போது வால் நட்சத்திரத்துக்கு வால் முன்னே, தலை பின்னே.

தேட வேண்டிய இடத்தையும் சூரியனே தீர்மானிக்கிறது. சூரியனுக்கு அருகில் வரும்போதுதான் பிரகாசம் கூடுகிறது என்பதால், நல்ல நிலையில் உள்ள வால் நட்சத்திரம் நள்ளிரவில் உச்சி வானில் தெரிவது அபூர்வம். பெரும்பாலும் விடியலுக்கு முன் கீழ்வானிலோ, அந்தி சாய்ந்தபின் மேல்வானிலோ தாழ்வாகத்தான் தெரியும். 2024-ல் வந்த சூச்சின்ஷான்-அட்லஸ் நல்ல எடுத்துக்காட்டு. செப்டம்பர் 27 அன்று அது சூரியனுக்கு 6 கோடி கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் கடந்தது. அந்த வாரத்தில் விடியலுக்கு முன் கிழக்கே தெரிந்தது. அக்டோபர் இரண்டாம் வாரத்தில் பூமிக்கும் சூரியனுக்கும் நடுவே புகுந்து கண்ணுக்கு மறைந்தது. அப்போது சூரியனைக் கண்காணிக்கும் சோஹோ விண்கலத்தின் கேமராவில் பதிவானது. அடுத்த சில நாட்களில் மாலை மேற்கு வானில் வந்து நின்றது. நாளுக்கு நாள் உயரே ஏறினாலும் மங்கிக்கொண்டே போயிற்று. போதாக்குறைக்கு 17-ஆம் தேதி பௌர்ணமி.

மாலையில் தேடுபவருக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. சூரியன் மறைந்து முக்கால் மணி நேரத்துக்குள் பார்த்தால் அந்தி வெளிச்சம் மறைக்கும். அதிகம் தாமதித்தால் வால் நட்சத்திரமே மறைந்துவிடும். தமிழ்நாடு, இலங்கை போன்ற நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால் இருட்டு சீக்கிரம் கவிகிறது. இது ஒரு சாதகம். கிழக்குக் கடற்கரையிலிருந்து விடியற்காலையில் பார்ப்பது இன்னொரு சாதகம்: கடல் பக்கம் கட்டடமும் இல்லை, தெருவிளக்கும் இல்லை.

தொலைநோக்கியைவிட 7×50 அல்லது 10×50 பைனாகுலரே இதற்கு ஏற்றது. அதில் வானத்தின் அகன்ற பகுதி ஒரே பார்வையில் அடங்கும். சூரியன் முழுவதும் மறையுமுன் பைனாகுலரை அந்தப் பக்கம் திருப்பவே கூடாது, பார்வை பறிபோகும். இருட்டுக்குக் கண் பழகக் கால் மணி நேரமாவது வேண்டும். நேராக உற்றுப் பார்க்காமல் சற்றுத் தள்ளிப் பார்த்தால் மங்கலான வால் தெளிவாகத் தெரியும். முக்காலியில் வைத்த கைபேசி சில விநாடி ஒளியைச் சேர்த்து எடுக்கும் படம், கண் காணாததையும் காட்டும்.

செய்திகளில் வரும் பொலிவெண்ணை அப்படியே நம்ப வேண்டாம். எண் குறையக் குறையப் பொலிவு கூடும். இருண்ட வானில் வெறுங்கண்ணின் எல்லை ஏறக்குறைய 6. ஆனால் விண்மீனின் ஒளி ஒரு புள்ளியில் குவிந்திருக்கிறது. வால் நட்சத்திரத்தினுடையதோ பரந்து கிடக்கிறது. ஒரே எண் என்றாலும் வால் நட்சத்திரம் மங்கலாகவே தெரியும். முன்கணிப்பும் அடிக்கடி பொய்க்கும். 1973-ல் கோஹூட்டெக் எதிர்பார்த்த அளவு ஒளிரவில்லை. 2013 நவம்பரில் ஐசான் சூரியனை நெருங்கியபோது சிதறியே போனது. ஊர்ட் மேகம் எனப்படும் தொலைதூர எல்லையிலிருந்து முதல்முறை வருபவற்றின் மேல்பரப்பில் எளிதில் ஆவியாகும் பொருள்கள் மிகுதி. அவை தூரத்திலேயே ஆவியாகிப் பொய்யான நம்பிக்கை தந்துவிடுகின்றன. மறுபக்கம், 1995-ல் கண்டுபிடிக்கப்பட்ட ஹேல்-பாப் எதிர்பார்ப்பை ஏமாற்றாமல், ஏறத்தாழ 18 மாதங்கள் வெறுங்கண்ணுக்குத் தெரிந்தது.

வால் நட்சத்திரம் போனபிறகும் அதன் தூசி பாதையில் தங்கிவிடுகிறது. பூமி அதைக் கடக்கும்போது எரிநட்சத்திரப் பொழிவு. இந்தத் தொடர்பு சென்னையையும் தொட்டிருக்கிறது. 1846-ல் இரண்டாகப் பிளந்த பீலா வால் நட்சத்திரம், 1852-க்குப் பிறகு காணாமல்போனது. 1872 நவம்பர் 27 இரவில் அதன் பாதையைப் பூமி கடந்தபோது எரிநட்சத்திரங்கள் கொட்டின. தூசி வந்த திசைக்கு நேர் எதிர்த் திசையில் பீலாவே போய்க்கொண்டிருக்கும் என்று கணக்கிட்டார் ஜெர்மானிய வானியலாளர் கிளிங்கர்ஃபூஸ். அந்த இடம் தெற்கு வானில் இருந்ததால், சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சனுக்குத் தந்தியடித்தார். டிசம்பர் 2, 3 தேதிகளில் போக்சன் அங்கே உண்மையிலேயே ஒரு வால் நட்சத்திரத்தைக் கண்டார். ஆனால் அது பீலாவாக இருக்க முடியாது என்று பிந்தைய கணக்குகள் காட்டின. தற்செயலாக வேறொன்று அங்கே இருந்திருக்கிறது!



ஹாலியின் தூசியை ஆண்டுக்கு இருமுறை பார்க்கலாம்: மே தொடக்கத்தில் கும்ப விண்மீன் கூட்டத்திலிருந்தும், அக்டோபர் 20-ஐ ஒட்டி ஓரியன் கூட்டத்திலிருந்தும் கிளம்புவதுபோல் தெரியும் எரிநட்சத்திரங்கள் அதனுடையவை. ஹாலி மறுபடி சூரியனை நெருங்குவது 2061 ஜூலை 28. 1986-ல் அது சூரியனை மிக நெருங்கியபோது பூமி சூரியனுக்கு மறுபக்கம் இருந்ததால் காட்சி சுமாராகவே அமைந்தது. 2061-ல் இரண்டும் ஒரே பக்கம் இருக்கும்.