தறிக்கூடத்தின் மேற்கே ஒரு பந்தல்

சித்திரை, வைகாசி மாதங்களில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் குழித்தறியில் அமர்ந்து நெய்யும் அங்கத்தினர் எவரைக் கேட்டாலும், அப்பொழுதுதான் பாவிழை மிகுதியாக அறுகிறது என்பர். பருத்தி இழைக்கு ஈரம் உள்ளவரை வலு உண்டு. காற்று வறண்டால் இழை வலுக் குன்றும். கஞ்சியும் விறைத்து உதிரும். தறிக்குழியின் மண் தரும் குளிர்ச்சி ஓரளவே உதவும். மேற்குச் சுவர் பகலில் உண்ட வெயிலை இரவு வரை கூடத்தினுள் உமிழ்ந்துகொண்டிருக்கும். அச்சுவரை மறைத்து ஒரு கொடிப்பந்தல் எழுப்பினால் வெம்மை பெரிதும் தணியும். அடுப்படிக்குக் காயும் கிடைக்கும்.

தச்சரை அமர்த்திக்கொள்ள வசதியுள்ளோர் அவ்வாறே செய்க. தாமே செய்ய விரும்புவோருக்காக எழுதப்படுவது இக்கட்டுரை. தறிச்சட்டம் கோணினால் துணி கோணும் என்பதை அறிந்த கைக்குப் பந்தல் ஒரு பெரிய வித்தையன்று.

முதலில் மனத்திற் கொள்ளவேண்டியது ஒன்று. பந்தல் மேலே முறிந்து விழுவது அரிது. அடியில் இற்றுச் சாய்வதே வழக்கம். அதுவும் ஐப்பசி மழையில், கொடி நனைந்து கனத்து, காயும் பூவுமாய் நிற்கும் வேளையில் சாயும். மரத்தை இற்றுப்போகச் செய்யும் பூஞ்சணத்திற்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். ஆழத்தில் ஈரம் உண்டு, காற்று குறைவு; உயரத்தில் காற்று உண்டு, ஈரம் தங்காது. இரண்டும் ஒன்றுகூடும் இடம் தரைமட்டமே. நட்ட கால் தரையை ஒட்டி ஒரு சாண் அளவில் மட்டும் உளுத்திருப்பதும், அதன் கீழ்ப்பாகம் கெட்டியாகவே இருப்பதும் இதனால்தான். கறையானும் அவ்வழியே ஏறும்.

இதற்கு ஊரில் சொல்லும் பரிகாரங்கள் பல. அடிக்காலைத் தீயிற் கருக்குவர், தார் பூசுவர், சிமெண்டுக் கலவையில் புதைப்பர். கருக்கிய தோலில் வெடிப்பு விழுந்தால் கறையானுக்கு அதுவே வாயில். சிமெண்டோ, மரம் காய்ந்து சுருங்கியதும் இடைவெளி விட்டு, மழைநீரைக் கிண்ணம்போல் ஏந்தி வைத்துக்கொள்ளும். எமது கருத்தில், மரத்தை மண்ணிற் படவிடாமையே தக்க வழி. கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தல்களுக்குக் கல்தூண் நாட்டுவதைப் பலரும் கண்டிருப்பர். நமக்கு முழுத்தூண் வேண்டியதில்லை. மூன்றரை அடி நீளக் கல்கால்கள் நான்கு போதும். இரண்டடி மண்ணுக்குள், ஒன்றரை அடி வெளியே. மரக்காலைக் கல்லின் பக்கத்தில் ஒட்ட நிறுத்தி, இரண்டு இரும்புப் பட்டைகளால் சுற்றி, திருகாணியிட்டு இறுக்குக. மரத்தின் அடியில் 3 அங்குல உயரத்திற்கு ஒரு கருங்கல் துண்டு இருக்கட்டும்.

இனி மரம். தேக்கானால் மேன்மை, வேம்பு, கருவேல், பூவரசு ஆகியவையும் ஆகும். மரத்தின் பெயரைக் காட்டிலும் வைரத்தைப் பாருங்கள். எந்த மரமாயினும் வெளிறு நிலைக்காது. தேக்கின் வெளிறும் பூச்சிக்கு இரையே. பிரித்த பழைய வீட்டுப் பனங்கைகள் விலைக்குக் கிடைத்தால் விடவேண்டாம். அவை உலர்ந்து முதிர்ந்த சரக்கு. மேலே பரப்புவதற்குச் சவுக்குக் கழி போதும். மூங்கிலாயின் சில வாரம் நீரில் ஊறப்போட்டு உலர்த்துக. அதிலுள்ள மாப்பொருள் கரைந்து போனால் வண்டு துளைப்பது குறையும்.

அளவு சுவரோரமாக 8 அடி, சுவரிலிருந்து வெளியே 6 அடி என்று கொள்வோம். உட்கால்கள் சுவரை விட்டு ஓரடி தள்ளியே நிற்கட்டும்; இல்லையேல் கொடி ஓட்டின்மேல் ஏறும், சுவரிலும் ஈரம் தங்கும். நான்கு மூலைக்கும் முளையடித்து நூல் கட்டுக. பக்கங்கள் 6 அடியும் 8 அடியுமானால் மூலைக்கு மூலை சரியாக 10 அடி இருக்கவேண்டும். இரண்டு குறுக்களவும் அவ்வாறே வந்தால் மூலைமட்டம் இல்லாமலே சதுரம் பிடித்தாயிற்று. நூலில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் அதுவே தூக்குக்குண்டு. நூலுக்கு நம்மிடம் பஞ்சமில்லை!

கால்கள் 4 அங்குலச் சதுரம். அவற்றின் தலைமேல் 8 அடிப் பக்கத்திற்கு இரண்டு உத்தரங்கள், ஒவ்வொன்றும் 10 அடி நீளம், 4 அங்குலத்திற்கு 2 அங்குலம். உத்தரத்தைப் படுக்கவைக்காமல் ஒருக்களித்து நிறுத்துக. அதே மரம், நிமிர்ந்து நின்றால் சுமக்கும் வலு இரண்டு மடங்கு. வளைந்து தொய்யாத உறுதி நான்கு மடங்கு. செலவில்லாமல் வரும் இந்த இலாபத்தைப் பலர் கைவிடுகின்றனர். காலின் தலையில் பாதியை வெட்டியெடுத்து, அந்தப் படியில் உத்தரத்தை அமர்த்தித் துளையிட்டுத் திருகாணியால் பிணைக்கலாம். துளையும் நாக்குமாய்ப் பொருத்துவது அழகுதான். உளி பழகாதவர் அதில் இறங்கி மரத்தைப் பாழாக்க வேண்டாம். ஆணியை மரத்தின் தலைவெட்டில் நார் ஓடும் திசையில் அடித்தால் பிடிக்காது, எளிதிற் கழன்றுவிடும், குறுக்காகவே அடிக்கவேண்டும்.

நான்கு கால் நான்கு உத்தரம் என்று நின்றுவிட்டால் ஆடிக்காற்றில் பந்தல் தீப்பெட்டிக் கூடுபோல் ஒருபுறம் மடியும். ஒவ்வொரு காலிலிருந்தும் மேல்மரத்திற்கு இரண்டடி நீளக் கைத்தாங்கல் சரிவாக வைக்கவேண்டும். நீளவாட்டில் ஒன்று, அகலவாட்டில் ஒன்று. முக்கோணம் மடியாது. இதற்காக 6 அடிப் பக்கத்திலும் கால்களை இணைத்து ஒரு குறுக்குச் சட்டம் இருக்கட்டும்.

மேலே மட்டும் படர்த்தினால் நிழல் கிட்டும் என்று எண்ணுவோர் மாலை நான்கரை மணிக்கு ஏமாறுவர். சாயும் வெயில் பந்தலின் அடியில் நுழைந்து நேரே சுவரிற் படும். ஆகையால் மேற்குப் பக்கத்தில் உத்தரத்திலிருந்து முழங்கால் உயரம் வரை மூங்கிற் பிளாச்சுகளைக் கட்டித் தட்டியாக்கி, கொடியை அதிலும் ஏற்றவேண்டும். அத்தட்டி காற்றுக்குப் பாய்மரமாதலால், கைத்தாங்கலில் சிக்கனம் வேண்டாம்.

கொடியைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். ஆடியில் ஊன்றும் பந்தல் அவரை தை மாதம் வரை அள்ளித் தரும். சித்திரையில் அதன் சருகுதான் மிஞ்சும். நமக்கு நிழல் வேண்டிய காலமோ சித்திரை. கோவைக்காய்த் தண்டை வெட்டி நட்டால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். பூ விரும்பும் வீட்டார் முல்லை வைக்கலாம். புடலோ பீர்க்கோ வேண்டுமாயின் தைப்பட்டத்தில் விதைத்தால் கோடைக்குத் தழைத்துவிடும். நீண்ட வகைப் புடல் 5 அடிக்கும் நீளும். பந்தல் உயரம் 7 அடிக்குக் குறைந்தால் காய் தலையில் இடிக்கும்.

இவ்வேலைக்கு ஒரு ரம்பம், இரண்டு உளி, ஒரு துரப்பணம், திருகிகள் ஆகியவை போதும். ஒரு நாள் வேலைக்கு ஒவ்வொருவரும் இவற்றை வாங்குவானேன்? சங்கத்தில் ஒரு தொகுதி வாங்கி வைத்து அங்கத்தினர்க்கு மாறிமாறிக் கொடுத்தால் செலவு மிச்சம்.

பந்தல் எழுந்தபின் ஆண்டுக்கொருமுறை, மார்கழியில் மழை ஓய்ந்ததும், இரும்புப் பட்டைகளை முடுக்கிவிட்டு, காலின் அடியைக் கோணியூசியால் குத்திப் பாருங்கள். ஊசி எளிதில் இறங்கினால் அக்காலை மட்டும் கழற்றி, உளுத்த துண்டை அறுத்தெறிந்து, குறைந்த அளவிற்கு மேலும் ஒரு கல் அடியில் வைத்து நிறுத்திவிடலாம். கொடிக்கு ஒரு குறையும் வராது.