பழைய வண்டி, சொந்தக் கை – 6: சூடானால் நிற்கும் அம்பாசடர்

காலையில் கிளம்ப அடம்பிடிக்கும் எஞ்சினைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் அதைவிடப் பொல்லாத ஒன்று. ஒரே செல்ஃபில் கிளம்புகிற அம்பாசடர், நன்றாகச் சூடேறியதும் இருமி இருமி நின்றுவிடும். பானெட்டைத் திறந்து அரைமணி நேரம் ஆறவிட்டால், ஒன்றும் நடக்காததுபோல ஓடும். மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்தும்போது கோளாறே இருக்காது.

வழியில் போகிறவர்கள் எல்லோரும் சொல்லும் காரணம் ஏர்லாக். அது பொய்யில்லை. 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினில் பெட்ரோல் பம்ப் எஞ்சினின் பக்கவாட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சூட்டில் பெட்ரோல் ஆவியானால் பம்பால் அதைத் தள்ள முடியாது. அதனால்தான் பம்பின்மேல் ஈரத்துணி போடும் வழக்கம் வந்தது. ஆனால் துணி போட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் இக்னிஷன் காயிலும் ஆறிவிடுகிறது, கன்டென்சரும் ஆறிவிடுகிறது. வண்டி கிளம்பியதற்குத் துணிதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? இந்த ஒரு குழப்பத்தால் நல்ல பம்புகள் எத்தனையோ கழற்றி எறியப்படுகின்றன. எனக்கு அது பொறுக்கவில்லை.

ஆகவே வண்டி நின்றவுடன், ஆறுவதற்கு முன்பே பாருங்கள். கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிடுங்கள். பெட்ரோல் கசிவோ வாடையோ இருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம். இல்லையென்றால், காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் நடு ஒயரை மூடியிலிருந்து உருவி, பிடி உறைபோட்ட கட்டிங் பிளேயரால் பிடித்து, அதன் முனையை எஞ்சினின் சுத்தமான இரும்புக்கு அரை சென்டிமீட்டர் தள்ளிக் காட்டுங்கள். இன்னொருவர் செல்ஃப் அடிக்கட்டும். பட் பட்டென்ற சத்தத்தோடு நீலமாகப் பொறி பாய்ந்தால் காயிலும் கன்டென்சரும் குற்றமற்றவை.

ஈரத்துணிக்கு வேலை இப்போதுதான். அதற்கும் முன்னால் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால், மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. பம்ப் வெற்றிடத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறது. மூடி சரியாக இருந்து, துணி போட்ட இரண்டொரு நிமிடத்திலேயே வண்டி பிடித்துக்கொண்டால் ஏர்லாக் என்று நம்பலாம். பெட்ரோல் பைப் சைலன்சர் பக்கம் ஒட்டிப் போகிறதா, ரேடியேட்டர் சரியாகக் குளிர்விக்கிறதா என்று பார்க்கவேண்டும். ரப்பர் ஹோஸ்களையும் தடவிப் பாருங்கள். இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அந்தக் காலத்து ரப்பர் அதைத் தாங்குவதில்லை.

பொறி மஞ்சளாக, மெலிந்து, விட்டுவிட்டு வந்தால் கதை வேறு. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றுங்கள். பாயிண்ட் முகங்கள் கருகிக் குழிவிழுந்திருந்தால் முதல் சந்தேகம் கன்டென்சர்மேல். ஒரே ஸ்க்ரூவில் நிற்கும் சின்ன உருளை, விலையும் அற்பம். அதை மாற்றி, பாயிண்ட்டைத் தேய்த்து, இடைவெளியை 0.4 மில்லிமீட்டருக்கு வையுங்கள். காயில் விலை கூடியது. அதன் உள்ளே மெல்லிய செம்புக்கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள். இன்சுலேஷன் பழுதாகியிருந்தால் சூட்டில் கசிந்து, ஆறினால் அடங்கிவிடும். ஆனாலும் விலையை நினைத்து அதைக் கடைசியாகச் சந்தேகப்படுவதே சரி.

புதுக் கன்டென்சர் போட்டதும் மாலைக் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திருப்திப்படாதீர்கள். வழக்கமாக நிற்கும் அதே சாலையில், அதே நடுப்பகலில் ஓட்டுங்கள். மறுபடியும் நின்று, மறுபடியும் பொறி சோர்ந்திருந்தால் காயிலை மாற்றலாம்.