பிரிட்டனை எடுத்து ஆடப் போறீங்களா? உங்க கையில் 1,341 நாள்தான் இருக்கு!

உலகத்தில் கால்வாசி நிலம் உங்க பேரில். ஏழு கடலிலும் உங்க கப்பல். லண்டனில் உட்கார்ந்துக்கிட்டு கனடாவிலிருந்து மலாயா வரைக்கும் கண்ணை ஓட்டலாம். ஆனா, அடுத்து எதை க்ளிக் பண்றதுன்னு மட்டும் தெரியாது. 'ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4' கேமில் முதன்முறையா பிரிட்டனைத் தேர்ந்தெடுக்கும் பலருக்கும் வரும் திகைப்பு இது.

கேமைப் பற்றித் தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். ஸ்வீடனைச் சேர்ந்த பேரடாக்ஸ் நிறுவனம் 2016 ஜூன் 6-ம் தேதி வெளியிட்ட இரண்டாம் உலகப்போர் வியூக விளையாட்டு இது. நார்மண்டியில் நேச நாடுகள் தரையிறங்கிய அதே தேதியைப் பார்த்துத்தான் வெளியிட்டார்கள். மொபைலில் கிடையாது, கம்ப்யூட்டர் வேணும். இதில் நீங்கள் துப்பாக்கி பிடிக்கும் சிப்பாய் இல்லை. ஒரு நாட்டையே நடத்துபவர். எந்த நாட்டை வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் ஜெர்மனி, சோவியத், அமெரிக்கா, ஜப்பான், இத்தாலி, பிரான்ஸ், பிரிட்டன் என ஏழு வல்லரசுகளைத்தான் தொடக்கத் திரை முன்னால் நிறுத்தும்.

"பெரிய நாடுன்னா ஈஸியா இருக்கும்ல?" என்று கேட்டால், இல்லை என்பதுதான் பதில். குட்டி நாட்டுக்குக் கவலை ஒன்றே ஒன்று: பக்கத்து வீட்டுக்காரன் எப்போ அடிப்பான்? பிரிட்டனுக்கு எட்டுத் திசையிலும் கவலை. இருப்பது எல்லாமே நிறைய இருக்கும். ஆனால் எதுவுமே இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது.

முதல் வேலை: பாஸ் பண்ணுங்க

ஆட்டம் 1936 ஜனவரி 1-ல் தொடங்கும். வரலாற்றில் பிரிட்டன் போர் அறிவித்தது 1939 செப்டம்பர் 3. இடையில் இருப்பது 1,341 நாள். ஸ்பேஸ் பாரைத் தட்டி கடிகாரத்தை நிறுத்திவிட்டு இந்தக் கணக்கைக் கொஞ்சம் யோசியுங்கள். நாட்டின் பாதையைத் தீர்மானிக்கும் 'தேசிய இலக்கு' ஒன்றை முடிக்க, பெரும்பாலும் 70 நாள் பிடிக்கும். அதாவது, போருக்கு முன்னால் உங்களால் முடிக்கக்கூடியது அதிகபட்சம் 19 இலக்குதான். அரசியல் செல்வாக்குப் புள்ளிகளும் அப்படியே. அடிப்படையாக நாளுக்கு 2 கிடைக்கும், அதில் 1-ஐ நடப்பு இலக்கே தின்றுவிடும். ஓர் ஆலோசகரை நியமிக்க பொதுவாக 150 புள்ளி ஆகும். வேறு வரவு இல்லாவிட்டால் ஓர் ஆளுக்கு ஐந்து மாதம் காத்திருக்கணும்!

இன்னொரு விஷயம். ஆட்டத்தைத் தொடங்கும் முன் 'வரலாற்றுப்படி' என்ற அமைப்பை ஆன் பண்ணி வையுங்கள். மற்ற நாடுகள் ஏறக்குறைய உண்மையில் நடந்த வழியிலேயே போகும். முதல் ஆட்டத்திலேயே அதை ஆஃப் பண்ணிவிட்டால், 1938-ல் எந்த நாடு எந்தப் பக்கம் தாவும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தக் கூத்தெல்லாம் ரெண்டாவது ரவுண்டுக்கு வெச்சுக்கலாம்.

தொழிற்சாலைக்கே தொழிற்சாலை

இந்தக் கேமில் பணம் என்று ஒன்று கிடையாது. எல்லாமே தொழிற்சாலைகள்தான். சிவில் தொழிற்சாலை கட்டடங்களைக் கட்டும், வெளிநாட்டுச் சரக்கையும் வாங்கித் தரும். ராணுவத் தொழிற்சாலை துப்பாக்கி, டாங்கி, விமானம் தயாரிக்கும். கப்பல்களுக்குத் தனியாகக் கட்டும் தளம் உண்டு.

புதிதாக வருபவர்கள் மாட்டிக்கொள்ளும் கேள்வி, எதை முதலில் கட்டுவது என்பது. ஒரு சிவில் தொழிற்சாலை கட்ட 10,800 புள்ளி உழைப்பு தேவை. ராணுவத் தொழிற்சாலைக்கு 7,200. ஒரு சிவில் தொழிற்சாலை ஒரு நாளில் கொடுப்பது 5 புள்ளி. அப்படியென்றால், புதிதாகக் கட்டிய ஒன்று தனக்கான செலவைத் தானே திருப்பி அடைக்க 2,160 நாள், கிட்டத்தட்ட ஆறு வருஷம்! சாலை வசதி, புதிய கட்டுமானத் தொழில்நுட்பம் எல்லாம் சேர்ந்தால் இது பாதியாகக் குறையலாம். அப்பவும் மூன்று வருஷம். 1936-ல் கட்டினால் லாபம். 1939-ல் கட்டினால், குண்டு விழும் நேரத்தில் வீட்டுக்கு வெள்ளையடித்த கதைதான். அதனால்தான் அனுபவசாலிகள் ஏறக்குறைய 1938 நடுவிலேயே ராணுவத் தொழிற்சாலைப் பக்கம் திரும்பிவிடுகிறார்கள்.

அதற்காக முதல் இரண்டு வருஷம் ஆயுதமே தயாரிக்காமல் இருந்துவிடாதீர்கள். புதிய உற்பத்தி வரிசை தொடங்கும்போது அதன் திறன் வெறும் 10 சதவிகிதம்தான். நாளாக நாளாகத்தான் ஏறும். நடுவில் மாடலை மாற்றினால் சட்டென்று இறங்கும். ஆகவே துப்பாக்கி, பீரங்கி, போர் விமானம் ஆகிய மூன்றுக்கும் ஆளுக்குக் கொஞ்சம் தொழிற்சாலையை 1936-லேயே ஒதுக்கிவிடுங்கள். அடிக்கடி மாற்றாதீர்கள்.

உண்மையான பிரிட்டனும் இதே சிக்கலில்தான் மாட்டியிருந்தது. ஸ்பிட்ஃபயர் விமானம் முதன்முதலில் பறந்தது 1936 மார்ச் 5. அதைப் பெருமளவில் தயாரிக்க காஸில் பிராம்விச் என்ற இடத்தில் பிரமாண்டமான தொழிற்சாலை ஒன்றை 1938-ல் கட்டத் தொடங்கினார்கள். அங்கிருந்து முதல் விமானங்கள் வெளியே வந்தது 1940 ஜூன். அதற்குள் பிரான்ஸே விழப்போகிற நிலை. நல்லவேளையாக, ஆஸ்டின், ரோவர் போன்ற கார் கம்பெனிகளை விமானப் பாகங்கள் தயாரிக்கவைக்கும் 'நிழல் தொழிற்சாலை'த் திட்டத்தை அதற்கு முன்பே தொடங்கியிருந்தார்கள்.

ரப்பர் எங்கிருந்து வருது?

விமான உற்பத்தியைத் தொடங்கினதும் திரையில் ஒரு எச்சரிக்கை எட்டிப் பார்க்கும்: ரப்பர் பற்றாக்குறை. பிரிட்டன் தீவில் எஃகு உண்டு. ரப்பர் சுத்தமா கிடையாது. வர்த்தகப் பக்கத்தைத் திறந்தால் மலாயா தயாராகக் காத்திருக்கும். ஒரு சிவில் தொழிற்சாலையை ஒதுக்கினால் எட்டு அலகு ரப்பர். க்ளிக், ஓகே, முடிஞ்சது.

அந்த க்ளிக்குக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்பதைக் கேம் சொல்லாது. மலாயாத் தோட்டங்களில் விடிவதற்கு முன்பே எழுந்து ரப்பர் மரம் சீவியவர்களில் பெரும்பகுதி, கங்காணிகள் மூலம் கப்பலேறிய தமிழர்கள். போர் வந்து ரப்பருக்குக் கிராக்கி ஏறியது, கூலி மட்டும் ஏறவில்லை. 1941-ல் கிள்ளான் பகுதித் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கூலி உயர்வு கேட்டதோடு, வெள்ளைக்கார துரை எதிரில் வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கை. அரசு ராணுவத்தை அனுப்பி அடக்கியது. துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின. தலைவர்களில் ஒருவரான ஆர்.எச்.நாதன் நாடு கடத்தப்பட்டார். லண்டனுக்கு ரப்பர் தடையில்லாமல் போய்க்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. கேமில் நீங்கள் போடுவதும் அதே கணக்குதான் என்பது கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும். உறுத்தட்டும், தப்பில்லை.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். ரப்பரை வாங்கினால் மட்டும் போதாது, அது வந்து சேரணும். மலாயாவிலிருந்து கிளம்பும் சரக்குக் கப்பல்கள் இந்தியப் பெருங்கடல், சூயஸ், மத்தியதரைக் கடல் என்று சுற்றி வரும். இத்தாலி போரில் குதித்தால் அந்தக் குறுக்கு வழி கொலைக்களமாகிவிடும். வரைபடத்தின் கடல் பகுதி அமைப்பில் மத்தியதரைக் கடலைத் தவிர்க்கச் சொல்லிவிட்டால், கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வரும். நேரமும் கப்பல்களும் அதிகம் தேவைப்படும். பரவாயில்லை, சரக்கு வந்து சேரும்.

போர்க்கப்பலா, காவல் கப்பலா?

பிரிட்டன் என்றதும் பிரமாண்டமான போர்க்கப்பல் கட்டத்தான் கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்க. நிஜத்தில் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்' கப்பலைக் கட்டத் தொடங்கியது 1937 ஜனவரி 1-ல். சேவைக்கு வந்தது 1941-ல். அதே வருஷம் டிசம்பர் 10-ம் தேதி மலாயாக் கடலில் ஜப்பானிய விமானங்கள் அதை மூழ்கடித்துவிட்டன. கூடவே போன 'ரிபல்ஸ்' கப்பலும் அன்றே போச்சு. காரணம், அவற்றுக்கு மேலே காவலுக்கு விமானங்கள் இல்லை.

அதற்கு நேர்மாறாக, அட்லான்டிக்கில் நீர்மூழ்கிகளை விரட்டும் சின்ன டெஸ்ட்ராயர்களுக்கு பிரிட்டனில் அவ்வளவு பஞ்சம். 1940 செப்டம்பரில் தன் ராணுவத் தளங்களுக்கான இடங்களை அமெரிக்காவுக்குக் கொடுத்துவிட்டு 50 பழைய டெஸ்ட்ராயர்களை வாங்க வேண்டியிருந்தது. எனவே, கப்பல் கட்டும் தளங்களில் பாதியை டெஸ்ட்ராயர்களுக்கும், ஒரு பங்கைச் சரக்குக் கப்பல்களுக்கும் கொடுங்கள். போர் தொடங்கியதும் டெஸ்ட்ராயர்களைக் குழுக்களாகப் பிரித்து 'கான்வாய் பாதுகாப்பு' வேலையில் போடுங்கள். பார்க்க போரடிக்கும் வேலைதான். ஆனால் ஆட்டத்தில் பிரிட்டன் தோற்கிறது என்றால், பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தோற்க ஆரம்பிக்கும்.

பிரான்ஸுக்கு எத்தனை பேர்?

தொடக்கத்தில் உங்கள் தரைப்படை ரொம்பச் சின்னது. தானாக முன்வருபவர்களை மட்டும் சேர்க்கும் சட்டம் என்பதால், மக்கள்தொகையில் 1.5 சதவிகிதம்தான் கிடைக்கும். ஜனநாயக நாடு வேறு. உலகப் பதற்றம் என்ற மீட்டர் ஏறும்வரை பல கதவுகள் உங்களுக்குத் திறக்காது. இருப்பதை வைத்துத்தான் சமாளிக்கணும்.

வரலாற்றுப்படி ஓடும் ஆட்டத்தில் பிரான்ஸ் பெரும்பாலும் விழுந்துவிடும். மொத்தப் படையையும் அங்கே கொண்டுபோய்க் கொட்டினால், துறைமுகம் பறிபோனதும் பின்வாங்க வழியிருக்காது. நிஜத்தில் டன்கிர்க்கிலிருந்து 3,38,000-க்கும் மேற்பட்டவர்களைக் கப்பலிலும் படகிலும் காப்பாற்றினார்கள், கனரக ஆயுதங்களைக் கரையிலேயே விட்டுவிட்டு. கேமில் அப்படி அதிசயம் எல்லாம் தானாக நடக்காது. அனுப்புவதாக இருந்தால் சில டிவிஷன்கள் மட்டும், அதுவும் துறைமுகத்தை ஒட்டியே. மற்றவர்களை இங்கிலாந்தின் தெற்குக் கரைத் துறைமுகங்களில் நிறுத்துங்கள். வானில் போதிய போர் விமானங்களும் கால்வாயில் கடற்படையும் இருந்தால், ஜெர்மனி அந்த 30 சொச்சம் கிலோமீட்டர் தண்ணீரைத் தாண்டுவது கஷ்டம்.

ஆட்கள் போதவில்லையா? இந்தியா இருக்கிறது. போர் வந்தால் இந்தியாவும் உங்கள் பக்கம் வந்துவிடும். நிஜத்தில், 1939 செப்டம்பர் 3-ம் தேதி வைஸ்ராய் லின்லித்கோ இந்தியத் தலைவர்கள் யாரிடமும் கேட்காமல் இந்தியா போரில் இருப்பதாக அறிவித்தார். அதை எதிர்த்து காங்கிரஸ் மாகாண அரசுகள் பதவி விலகின. சென்னை மாகாணத்தில் ராஜாஜி அமைச்சரவை அக்டோபர் மாதமே வெளியேறியது. ஆனாலும் போர் முடிவதற்குள் சுமார் 25 லட்சம் இந்தியர்கள் அந்த ராணுவத்தில் சேர்ந்திருந்தார்கள்.

இந்தக் கேம் எதையெல்லாம் காட்டாது என்பதையும் தெரிந்துகொண்டே ஆடுவது நல்லது. யூதர்கள் மீதான இனப்படுகொலை இதில் கிடையாது, தெரிந்தேதான் விட்டிருக்கிறார்கள். ஜப்பான் மலாயாவைப் பிடித்தால் உங்கள் திரையில் ரப்பர் எண்ணிக்கை குறையும், அவ்வளவுதான். நிஜத்தில் அதே தோட்டத் தமிழர்களைத்தான் ஜப்பானியர்கள் சயாம்-பர்மா ரயில் பாதை போட இழுத்துச் சென்றார்கள். 415 கிலோமீட்டர் பாதை. திரும்பி வராதவர்கள் பல்லாயிரம்.

சிங்கப்பூர் நிஜத்தில் விழுந்தது 1942 பிப்ரவரி 15. உங்கள் ஆட்டத்தில் அது விழாமல் இருக்க, 1941 கோடைக்குள் நான்கைந்து டிவிஷன்களையும் சில நூறு போர் விமானங்களையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். ஐரோப்பாவில் நிலைமை மோசமாக இருக்கும்போது அதற்கு மனசு வராதுதான். அப்படி வரவில்லையென்றால், செயற்கை ரப்பர் ஆலைகளை 1940-லேயே கட்டத் தொடங்குங்கள். இரண்டையும் செய்யாமல் டிசம்பர் வரை போய்விட்டீர்கள் என்றால், கடைசியாக எப்போ சேவ் பண்ணீங்கன்னு பார்த்துக்கோங்க.