ஸ்பீக்கரின் பின்னால் உள்ள எண்ணைப் பாருங்கள்

வீட்டில் படம் பார்க்கையில், சண்டைக் காட்சியின் உச்சத்தில் ரிசீவர் திடீரென அணைந்துவிடுகிறதா? பழுது என்று முடிவு கட்டுவதற்கு முன், ஸ்பீக்கரின் பின்புறம் உள்ள ஓம் அளவைப் பாருங்கள்.

மாறுமின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்பே மின்மறுப்பு. 20 வோல்ட்டில் 8 ஓம் ஸ்பீக்கர் 2.5 ஆம்பியர் இழுக்கும். 4 ஓம் ஸ்பீக்கர் 5 ஆம்பியர் இழுக்கும். மின்னோட்டம் இருமடங்கானால் ரிசீவர் சூடாகும். பாதுகாப்புச் சுற்று அதை நிறுத்திவிடும்.

ஒரே முனையில் இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களைப் பக்க இணைப்பில் மாட்டினாலும் மொத்தம் 4 ஓம்தான். அச்சிட்ட எண்ணும் பெயரளவே. சில அதிர்வெண்களில் அது இன்னும் இறங்கும்.

ஆகவே, ரிசீவரில் குறித்துள்ள குறைந்தபட்ச ஓமுக்குக் கீழே போகாதீர்கள். கூடுதலாக இருந்தால் ஆபத்தில்லை. ஒலி சற்றுக் குறையலாம். ரிசீவரின் மேல் காற்றோட்டத்துக்கும் இடம் விடுங்கள்.